நீல இன்ஹேலர் மட்டும் போதுமா? ஆஸ்துமா மருந்துகள் பற்றி 50 ஆண்டு ஆய்வுகள் சொல்வது என்ன?

"அண்ணா, அந்த நீல கலர் இன்ஹேலர் ஒண்ணு கொடுங்க."

மருந்துக்கடை கவுண்டர்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பல நேரம் டாக்டர் சீட்டு இருக்காது, கடைக்காரரும் கேட்க மாட்டார். வாங்கியவர் அதை லேப்டாப் பையின் ஓரத்தில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். தூசி, பனி, ஏசி குளிர், பக்கத்து சீட்டுக்காரரின் பெர்ஃப்யூம் என்று எது நெஞ்சைப் பிடித்தாலும் இரண்டு முறை அடித்தால் போதும். ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும். மாதம் ஒன்று தீர்ந்தால் இன்னொன்று.

வேலை செய்கிற மருந்துதானே, இதில் என்ன தப்பு?

மருந்து வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், மூச்சை உடனே திறந்துவிடும் மருந்தும் ஆஸ்துமாவால் சாகாமல் காக்கும் மருந்தும் ஒன்றல்ல. கடந்த 50 ஆண்டு ஆராய்ச்சிகளின் சாரத்தை ஒரு வரியில் சொன்னால் இதுதான். பெரும்பாலானோர் கையில் இருப்பது முதலாவது மருந்து மட்டும்.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

ஆஸ்துமா வந்தவரின் மூச்சுக்குழாயில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவரும் வீங்கிச் சிவந்து, சளி சுரக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். இறுக்கம் வந்துபோகும். அழற்சி பெரும்பாலும் மூச்சுத்திணறல் இல்லாத நாள்களிலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

பொதுவாக நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால் இன்ஹேலர் தசையைத் தளர்த்துகிறது. அதன் பலன் சில நிமிடங்களில் தெரியும், சில மணி நேரம் நீடிக்கும். 1969-ல் சந்தைக்கு வந்த இந்த மருந்தை நிவாரண மருந்து என்பார்கள். அழற்சியை அது தொடுவதே இல்லை.

அழற்சியைக் குறைப்பது இன்ஹேலர் வழியாக இழுக்கும் ஸ்டீராய்டு. பூடசோனைட், பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் எல்லாம் இந்த வகைதான். இவற்றைத் தடுப்பு மருந்து என்பார்கள். இழுத்தவுடன் எதுவும் தெரியாது. பலன் முழுதாகத் தெரிய நாள்களாகும், சிலருக்கு வாரங்களாகும்.

வீட்டுக் கூரை ஒழுகும்போது கீழே பக்கெட் வைப்பது நிவாரண மருந்தின் வேலை. ஓட்டை மாற்றுவது தடுப்பு மருந்தின் வேலை. பக்கெட் வைத்தவுடன் தரை காய்ந்துவிடுவதால் பலர் ஓட்டை மறந்துவிடுகிறார்கள்.

நிம்மதி தந்த மருந்தே ஆபத்தான கதை

1970-களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென அதிகரித்தன. பல ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை. 1989-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, ஃபெனோடெரால் என்ற வீரியமான நிவாரண இன்ஹேலரைக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் மரணங்கள் வேகமாகக் குறைந்தன.

தடுப்பு மருந்தின் கதை இதற்கு நேர் எதிர். கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் 30 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. ஓர் ஆண்டில் பயன்படுத்திய ஒவ்வொரு கூடுதல் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்டீராய்டை நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் ஆபத்து அதிகமாக இருந்தது. "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிரிட்டன் இன்னும் ஆழமாகத் தோண்டியது. அங்கு ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவப் பதிவுகளை நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்து விவரம் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. தடுப்பு மருந்து வைத்திருந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஆண்டுக்குத் தேவையான 12 இன்ஹேலர்களை வாங்கவில்லை. ஏறக்குறைய பாதி மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்றது அந்த அறிக்கை.

இலவச மருத்துவம் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

ஏன் இப்படி? ஒன்று, நிவாரண மருந்தை அதிகம் நாட வேண்டியிருப்பதே நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அடையாளம். இன்னொன்று, அதைத் தினமும் பயன்படுத்தினால் உடல் அதற்குப் பழகிப்போய், மூச்சுக்குழாய் தூசிக்கும் புகைக்கும் முன்பைவிட எளிதில் சுருங்குகிறது. கடும் தாக்குதல் வரும் நாளில் அந்த மருந்து எதிர்பார்த்த அளவு கைகொடுக்காது.

'ஜீனா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முன்முயற்சி அமைப்பு இதற்கு ஓர் எளிய அளவுகோல் தருகிறது. 200 முறை அடிக்கக்கூடிய நிவாரண இன்ஹேலர், ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் தாக்குதல் வரும் ஆபத்து அதிகம். 12 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் மரண ஆபத்தும் அதிகம். 'மாதம் ஒன்று' என்ற பழக்கம் எங்கே போய் நிற்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

"ஸ்டீராய்டா? வேண்டாம்ப்பா!"

தடுப்பு மருந்து இவ்வளவு நல்லது என்றால் ஏன் எடுப்பதில்லை? நம் ஊரில் முதலில் வரும் பதில் ஸ்டீராய்டு என்ற சொல்தான். முகம் வீங்கும், எலும்பு தேயும், சுகர் வரும், பழகிடும், விடவே முடியாது என்று பயப்பட ஒரு பட்டியலே இருக்கிறது. பெண் பிள்ளைகள் என்றால் "கல்யாண வயசுல கையில இன்ஹேலரா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பயம் ஆதாரமில்லாத ஒன்றல்ல. ஆனால், அது தவறான இடத்தில் வைக்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறைந்த அளவு பூடசோனைட் என்பது நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனைக்குப் போனால் தரப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகிறது.

எலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், கண்புரை ஆகிய ஆபத்துகள் மாத்திரை ஸ்டீராய்டுடன் வலுவாகத் தொடர்புள்ளவை. வாழ்நாளில் நான்கைந்து முறை குறுகிய கால ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலே இந்த ஆபத்துகள் கூடத் தொடங்குகின்றன. தினசரி சிறிய அளவுக்குப் பயந்து இன்ஹேலரை ஒதுக்குகிறவர், ஒவ்வொரு தாக்குதலின்போதும் அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டை விழுங்க நேர்கிறது.

அதற்காக இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல முடியாது. வாயில் வெண்படலம், குரல் கரகரப்பு வரலாம். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவதும், ஸ்பேசர் பயன்படுத்துவதும் இவற்றை வெகுவாகக் குறைக்கும். அதிக அளவை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு எலும்பு, கண், அட்ரினல் சுரப்பி பாதிப்புகள் வரலாம். அதனால்தான் நோய் கட்டுக்குள் வந்ததும் மருத்துவர்கள் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

குழந்தைகளின் உயரம் பற்றிய கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் சிறு வயதில் சில ஆண்டுகள் பூடசோனைட் எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, அவர்களின் உயரம் மற்றவர்களைவிட சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. பெற்றோரிடம் மறைக்கக் கூடாத தகவல் இது. கட்டுப்படாத ஆஸ்துமா குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா மருந்துகளில் கவனமாக இருக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. சால்மெட்டரால் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் தசைத் தளர்த்திகளை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுக்கக் கூடாது. 26 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் சால்மெட்டரால் சேர்த்துக்கொண்டவர்களில் 13 பேரும், மருந்தில்லாத இன்ஹேலர் பெற்றவர்களில் 3 பேரும் ஆஸ்துமா தொடர்பாக இறந்தார்கள். அதே வகை மருந்தை ஸ்டீராய்டுடன் சேர்த்து ஒரே இன்ஹேலரில் தரும்போது கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்று பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. 2017-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கூட்டு இன்ஹேலர்கள் மீதிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது.

'இன்ஹேலருக்குப் பதில் மாத்திரை' என்று பலர் விரும்பும் மான்டெலுகாஸ்ட்டுக்கு, மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் போன்ற பக்கவிளைவுகளுக்காக அதே நிர்வாகம் 2020-ல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. மாத்திரை என்பதாலேயே ஒரு மருந்து பாதுகாப்பானதாகிவிடாது.

மறதியா, அலட்சியமா?

நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே கூறியது. ஆஸ்துமாவுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. நீல இன்ஹேலர் அடித்த ஐந்து நிமிடத்தில் பலன் தருகிறது. தடுப்பு இன்ஹேலர் எந்தப் பலனையும் கையில் காட்டுவதில்லை, அதன் வெற்றியே 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதுதான். மனித மனம் எதை நம்பும்?

மருத்துவமும் அதே பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்தது. லேசான ஆஸ்துமாவுக்கு முதலில் நிவாரண மருந்தை மட்டும் தருவதே பல பத்தாண்டுகள் வழிகாட்டு நெறிமுறையாக இருந்தது. "வீசிங் வந்தா இதை அடிச்சுக்கோங்க" என்று டாக்டரே தொடங்கிவைத்துவிட்டு, சில மாதம் கழித்து "அது போதாது, இதைத் தினமும் எடுங்க" என்றால் நோயாளிக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

நினைவூட்டினால் பலன் கிடைக்கிறதா? கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2014-ல் வெளியான ஆய்வில், ஒலி எழுப்பி நினைவூட்டும் கருவி பொருத்திய இன்ஹேலர் வைத்திருந்தவர்கள் 73 சதவீத டோஸ்களை எடுத்தார்கள், நினைவூட்டல் இல்லாதவர்கள் 46 சதவீதம். நியூசிலாந்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இந்த வித்தியாசம் 84-க்கு 30.

ஆனால், எடுத்தால் மட்டும் போதாது, சரியாக எடுக்க வேண்டும். 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கட்டுரையின்படி, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துவோர் 31 சதவீதம் மட்டுமே. இத்தனை ஆண்டுகளில் அது மேம்படவும் இல்லை. அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை மெதுவாக, ஆழமாக இழுத்து, சுமார் 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். பொடி வகை இன்ஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். நோயாளி "இது எனக்கு சேரல" என்று முடிவுகட்டிவிடுவார்.

நோயாளி மாறவில்லை, சிகிச்சை மாறியது

'தினமும் எடுங்கள்' என்று எவ்வளவு சொன்னாலும் மக்கள் மூச்சு திணறும்போதுதான் இன்ஹேலரைத் தேடுகிறார்கள். சரி, அப்படித் தேடும் இன்ஹேலருக்குள்ளேயே ஸ்டீராய்டையும் வைத்துவிட்டால்?

இந்தக் கேள்விதான் ஆஸ்துமா சிகிச்சையைத் திருப்பிப்போட்டது. ஃபார்மோட்டரால் என்ற தசைத் தளர்த்தி சில நிமிடங்களிலேயே வேலை செய்யும், பலனும் நீண்ட நேரம் நிற்கும். அதையும் பூடசோனைட்டையும் ஒரே இன்ஹேலரில் வைத்து, லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் 'தேவைப்படும்போது மட்டும்' எடுக்கச் சொல்லிச் சோதித்தார்கள். சுமார் 8,000 பேர் பங்கேற்ற சிக்மா-1, சிக்மா-2 என்ற இரு ஆய்வுகளின் முடிவுகள் 2018-ல் வெளியாகின.

நிவாரண மருந்தை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவு என்றது சிக்மா-1. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், தாக்குதல்கள் ஏறக்குறைய சமம். ஆனால், உடலுக்குள் போன ஸ்டீராய்டு, அவர்கள் எடுத்ததில் 17 சதவீதம்தான். ஸ்டீராய்டு என்றாலே பயப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமாக நடத்தப்பட்ட நாவல் ஸ்டார்ட் ஆய்வும் 2019-ல் இதே திசையைக் காட்டியது. சால்பியூட்டமால் மட்டும் எடுத்தவர்களைவிட, கூட்டு இன்ஹேலரைத் தேவைக்கு எடுத்தவர்களுக்குத் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன.

இதில் ஒரு குறையும் உண்டு. அன்றாட அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவதில், தினமும் தவறாமல் ஸ்டீராய்டு எடுப்பதே சிக்மா-1 ஆய்வில் சற்று முன்னிலை பெற்றது. ஆனால், அந்த ஆய்வில் தினமும் இரண்டு முறை நினைவூட்டும் ஏற்பாடு இருந்தது. வீட்டில் அப்படி யாரும் மணியடிப்பதில்லை.

2019-ல் ஜீனா தனது வழிகாட்டுதலை மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் இனி நிவாரண மருந்தை மட்டும் தனியாகத் தரக் கூடாது, எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் ஏதேனும் ஒரு வகையில் இன்ஹேலர் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்றது.

எல்லாக் கூட்டு இன்ஹேலரையும் இப்படிப் பயன்படுத்த முடியாது என்பதை மறக்கக் கூடாது. ஃபார்மோட்டரால் உடனே வேலை செய்யும், சால்மெட்டரால் அப்படிச் செய்யாது. கையில் இருப்பது எது, அதை எப்படி எடுப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் எங்கே நிற்கிறோம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகில் 26.2 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 4.55 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியாவின் பங்கு சுமார் 13 சதவீதம், மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்தியாவின் ஆஸ்துமா பிரச்சினை.

உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வு 1.27 லட்சம் பேரிடம் நடந்தது. ஆஸ்துமா அறிகுறி உள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு நோயே கண்டறியப்படவில்லை. டாக்டர் கண்டறிந்தவர்களிலும் தினமும் இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு.

இதை 'நோயாளிகளின் அலட்சியம்' என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. நோயின் பெயரைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று "சளி", "வீசிங்", "அலர்ஜி" என்று மழுப்பினால், நோயாளி எதற்காக மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும்? மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு நெபுலைசர் வைத்து, தடுப்பு மருந்து எழுதாமல் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த முறையும் அவர் அங்கேதான் வருவார். மூன்று நிமிட கன்சல்டேஷனில் இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று செய்துகாட்ட நேரம் எங்கே?

தமிழ்நாடு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது. தொடர்ந்து மருந்து எடுப்பது நோயாளியின் ஒழுக்கம் மட்டுமல்ல, அமைப்பின் பொறுப்பும்கூட என்ற ஒப்புதல் அதில் இருந்தது. அதே நியாயம் இன்ஹேலருக்கும் பொருந்தும். பூடசோனைட்டும், பூடசோனைட்-ஃபார்மோட்டரால் கூட்டு இன்ஹேலரும் 2022-ம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரிக்கும் தட்டுப்பாடில்லாமல் வர வேண்டும். இன்ஹேலரை இழுத்துக்காட்ட ஒரு செவிலியரோ மருந்தாளுநரோ அங்கே இருக்க வேண்டும். நீல இன்ஹேலரைச் சீட்டில்லாமல் கேட்பவரிடம் "போன மாசமும் வாங்கினீங்களே, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்கும் பொறுப்பு மருந்துக்கடைக்கும் இருக்கிறது.

இன்றே செய்யக்கூடியது என்ன?

• கடந்த ஓராண்டில் எத்தனை நீல இன்ஹேலர் தீர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றைத் தொட்டிருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

• டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு இருப்பது ஆஸ்துமாவா? என் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதா? நான் இழுக்கும் முறை சரியா? மூன்றாவது கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், அவர் முன்னால் இழுத்தே காட்டுங்கள்.

• நன்றாக இருக்கிறது என்று நீங்களே தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்க வழி இருக்கிறது, அதை டாக்டர் சொல்லட்டும்.

• ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண மருந்து அடித்தும் சரியாகவில்லை என்றாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பிரிட்டன் அறிக்கையில் இறந்தவர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி வந்து சேர்வதற்கு முன்போ இறந்தவர்கள்.

நீல இன்ஹேலரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவசரத்துக்கு அது பையில் இருக்கட்டும். ஆனால், அடுத்த முறை மருந்துக்கடை கவுண்டரில் நிற்கும்போது அதை மட்டும் கேட்டு வாங்கி வர வேண்டாம்.